முப்பது வருஷத்துச் சொம்பு

லக்ஷ்மிநாராயணனுக்கு வலி வந்தால் தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு, கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்துவிடுவார். கத்தமாட்டார், முனகமாட்டார். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டால் "பரவால்ல" என்பார். இந்தப் பரவாயில்லையைக் கேட்டு இருபத்தெட்டு வருஷமாக மனைவி சியாமளாவுக்குக் காது புளித்துப் போயிருந்தது. உப்பில்லாத உப்புமாவுக்கும் பரவாயில்லைதான், வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்தபோதும் பரவாயில்லைதான். மனிதருக்கு எது நிஜமாகப் பரவாயில்லை, எது இல்லை என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

அவருக்கு அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். உடனே அணுவைப் பிளக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. விடுப்புப் பிரிவில் இருக்கிறார். ஊரார் விடுப்பையெல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புகிறவர், தான் மட்டும் விடுப்பு எடுக்கத் தெரியாதவர். ஆனாலும் வயிற்று வலி என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். கும்பகோணத்திலிருந்து போன் வரும், மாம்பலத்திலிருந்து போன் வரும், எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு "அங்கே வேலை பார்க்கறதாலேயோ?" என்பார்கள். "அவர் தொடறதெல்லாம் காகிதம்தான்" என்று பதில் சொல்லிச் சொல்லியே சியாமளாவுக்குத் தொண்டை வறண்டது. மகன் விஷால் பெங்களூரிலிருந்து தினம் இரண்டு தடவை போன் செய்து, தான் இணையத்தில் படித்த வியாதிகளையெல்லாம் வரிசையாகச் சொன்னான். அது இன்னும் மோசம்.

ஆறு வாரத்துக்கு முன்னால் முதல் தடவை வலி தாங்க முடியாமல் போனபோது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி இட்லியையும் கஞ்சியையும் சாப்பிட்டு ஒரு வாரத்தில் அவருக்கு வலி குறைந்தது. வீட்டுக்கு வந்தார். வந்த பத்தாம் நாள் மறுபடியும் ஆரம்பித்தது. மூன்று வாரம் பரவாயில்லை என்றே ஓட்டினார். இந்த முறை திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு ஐந்து நாள். ஸ்கேன் எடுத்தாயிற்று. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. குடல்வால் சரியாக இருக்கிறது, கணையம் சரியாக இருக்கிறது, கல் இல்லை, கட்டி இல்லை. மலச்சிக்கல் இருந்தது, ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது. வேறொன்றும் அகப்படவில்லை. வலி மட்டும் நாள் தவறாமல் வந்தது.

அவள் தன்னால் ஆனதைச் செய்தாள். தினம் காலையில் வீட்டில் ரசம் வைத்து, கரையக் குழைத்த சாதத்தோடு பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். வயிறு சரியில்லாதவனுக்கு ரசம் சாதத்தை விட்டால் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? வலி அதிகமானால் மிளகைக் கொஞ்சம் கூட்டினாள், இன்னும் அதிகமானால் சாதத்தைக் குறைத்து ரசத்தையே டம்ளரில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தாள். அவரும் வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் மடக்மடக்கென்று குடித்தார். "இப்பல்லாம் உன் ரசம் தனி ருசியா இருக்கு" என்று வலிக்கு நடுவிலும் சொன்னார். அதைக் கேட்கும்போது மட்டும் சியாமளாவுக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது.

காரணம் இருந்தது. அந்த வீட்டு ரசம் ஈயச்சொம்பில் வைப்பது. கல்யாணமான புதிதில் அவருடைய அம்மா கும்பகோணத்திலிருந்து மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்து இவள் கையில் கொடுத்த சொம்பு அது. அம்மா போய்ப் பத்து வருஷம் ஆயிற்று. அம்மாவின் ஞாபகமாக அவர் வேறு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஈயச்சொம்பை வைத்துப் புழங்குகிற வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் ஒரு விஷயம் தெரியும். முதலில் புளித்தண்ணீரை ஊற்ற வேண்டும், பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் உருகிவிடும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, சொம்பை அடுப்பில் வைத்து, காஸைப் பற்றவைத்து, புளித்தண்ணீரைக் கையில் எடுத்த நேரத்தில் விஷாலின் போன் வந்தது. பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்றான். அவள் சந்தோஷத்தில் பால்கனிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது சொம்பு பாதி இல்லை. மீதிப் பாதி பர்னர் மேல் வெள்ளி மாதிரி வழிந்து கிடந்தது.

அவர் கடைக்குப் போயிருந்தார். அன்றே சொல்லியிருந்தால் ஒரு பெருமூச்சோடு போயிருக்கும். "பரவால்ல" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. மறுநாளே மாமல்லபுரத்தில் ஒரு பொருட்காட்சியில் பாத்திரக் கடை போட்டிருந்தவனிடம் அதே அளவில் ஒரு சொம்பு வாங்கினாள். "அசல் கும்பகோணம்மா, கனத்தைப் பாருங்க" என்று அவன் கையில் கொடுத்தபோது சொம்பு உண்மையிலேயே நல்ல கனமாக இருந்தது. கனமாக இருந்தால் நல்ல பொருள் என்றுதானே நினைப்போம். வீட்டுக்குக் கொண்டுவந்து, பழசாகத் தெரிய வேண்டும் என்று குளியலறைத் தரையில் இரண்டு தடவை போட்டுச் சொட்டை விழவைத்தாள். சாம்பலைப் போட்டுத் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு அறுவை சிகிச்சை நிபுணர் தாமோதரன் வந்து, நாளைக் காலை எட்டு மணிக்கு வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிடலாம், எதுவும் புலப்படாவிட்டால் திறந்தே பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். "அவருக்குப் பிரஷர் வேற அதிகமா இருக்கு, கொஞ்சம் ரிஸ்க்தான்" என்பதையும் போகிற போக்கில் சொன்னார். லக்ஷ்மிநாராயணன் தலையணையை அழுத்திக்கொண்டே, "பரவால்ல, பாத்துடட்டும்" என்றார்.

தாமோதரன் போன பிறகு பொது மருத்துவர் ஜெபக்குமார் வந்தார். நாற்பது வயது இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவசரமே இல்லாதவர் மாதிரி தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுத்தினா வலி குறையுதா சார்?"

"கொஞ்சம் இதமா இருக்கு."

"குடல்வால் மாதிரி ஏதாவதுன்னா கையையே வைக்க விடமாட்டீங்க. உங்களுக்கு அழுத்தினா சுகமா இருக்கு. அதுதான் எனக்கு இடிக்குது." பிறகு அவர் கேள்விகளை ஆரம்பித்தார். சிறுநீர் கறுத்துப் போகிறதா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா, பூச்சி ஏதாவது கடித்ததா, நாட்டு மருந்து சாப்பிட்டாரா. எல்லாவற்றுக்கும் இல்லை. "ஆபீஸ்ல ஈயம், பெயின்ட், பேட்டரி, இந்த மாதிரி ஏதாவது புழங்குவீங்களா?"

"ஃபைல்தான் புழங்கறேன்."

"காலைல எடுத்த ரத்தத்தை லேப்ல கண்ணாடில வச்சுப் பாத்திருக்காங்க. சிவப்பணுவுல பொடிப் பொடியா நீலப் புள்ளி இருக்குன்னு சொல்றாங்க. காரீயம் உடம்புல சேர்ந்தா அப்படி வரும். வேற காரணத்தாலயும் வரலாம். ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்குன்னு பாக்கச் சென்னைக்கு அனுப்பணும், ரெண்டு நாள் ஆகும். வீட்டுல ஈயம் கலந்த பாத்திரம் ஏதாவது இருக்கா?"

சியாமளாவின் கை பிளாஸ்க் மூடிமேல் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் சொல்லிவிட்டார். "ரசம் வெக்கற சொம்பு ஒண்ணு இருக்கு. ஈயச்சொம்பு."

டாக்டர் நிமிர்ந்தார். "புதுசா?"

லக்ஷ்மிநாராயணன் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். "எங்கம்மா குடுத்தது. முப்பது வருஷமா அதுலதான் சாப்பிடறோம்."

"முப்பது வருஷமா ஒண்ணும் ஆகலைன்னா அது நல்ல வெள்ளீயம், காரீயம் கலக்காதது. அதுல தப்பு இல்லை." டாக்டர் கையிலிருந்த தாளில் எதையோ கோடு போட்டு அடித்தார். "சரி, நாளைக்கு உள்ளே பாத்துடறதுதான் நல்லது." எழுந்து போய்விட்டார்.

சியாமளாவுக்கு வாய் வரைக்கும் வந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. அம்மா கொடுத்தது என்று அவர் சொன்ன விதத்தில் அத்தனை நிச்சயம் இருந்தது. நாளைக்கு வயிற்றில் கத்தி படப் போகிற மனிதரிடம் போய், உங்கள் அம்மாவின் சொம்பை உருக்கிவிட்டு எட்டு மாதமாக உங்களை ஏமாற்றினேன் என்று எப்படிச் சொல்வது? அதுவுமில்லாமல், சொம்பால்தான் என்று யார் கண்டது? நர்ஸ் வந்து சம்மதப் படிவத்தைக் கொடுத்து, கீழே கவுன்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொன்னாள். அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். படிவத்தில் 'உயிருக்கு ஆபத்து நேரிடலாம் என்பதை அறிவேன்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தாண்டி அவளால் படிக்க முடியவில்லை. கவுன்டருக்குப் போகாமல், கால் போன போக்கில் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள்.

உள்ளே மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்த பெண் இவளைப் பார்த்தாள். சட்டையில் சுஜாதா என்று பெயர் குத்தியிருந்தது.

"இன்னாம்மா, ரொம்ப நேரமா இங்கியே நின்னுகினு கீறீங்க? ரிப்போர்ட்டா?"

"முப்பத்திரண்டாம் ரூம். லக்ஷ்மிநாராயணன்."

"அட, அந்தப் புள்ளிக்காரரு வூட்டம்மாவா? அத்தப் பாத்து டாக்டராண்ட சொன்னதே நாந்தாம்மா. எங்கண்ணன் பேட்டரி கடைல வேல செஞ்சிகினு இருந்தான். ஒரு வருசம் இதே மாரி வவுத்து வலில துடிச்சான். அப்ப அவன் ரத்தத்துலயும் இதே புள்ளிதான். ஈயம் உள்ள பூட்ச்சின்னாங்க. நானும் அப்ப கத்துகினு இருந்த நேரம், அது கண்ணுல அப்டியே நின்னு போச்சு." சுஜாதா ஜன்னலருகே வந்தாள். "உங்க வூட்டுல அப்டி ஒண்ணும் இல்லன்னாரே டாக்டரு?"

முன்பின் தெரியாதவளிடம் சொல்வது எவ்வளவு சுலபம் என்று சியாமளாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விஷாலின் போன், பர்னரில் வழிந்த சொம்பு, பொருட்காட்சி, குளியலறைத் தரை, எட்டு மாதம், முதல் ஆஸ்பத்திரி, தினமும் பிளாஸ்கில் கொண்டுவரும் ரசம், எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

சுஜாதா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "வலி எப்ப ஸ்டார்ட் ஆச்சு?"

"ரெண்டு மாசமா லேசா. ஆறு வாரமா தாங்க முடியாம."

"மொத ஆஸ்பத்திரில இந்த ரசம் குடுத்தீங்களா?"

"அங்கே விடல."

"அங்க கொறஞ்சிது. இங்க தெனம் எட்தாந்து ஊத்துறீங்க, கொறையல." அவள் கையுறையைக் கழற்றினாள். "அத்த இங்க நின்னு என்னாண்ட சொல்லிகினு இருந்தா இன்னாம்மா ஆவப் போவுது? வாங்க, டாக்டரு இன்னும் கீழதான் கீறாரு. அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டுடாதீங்க."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஜெபக்குமார் நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும், "அந்தச் சொம்பு இப்ப எங்கே?" என்றார்.

சொம்பு அணுபுரம் குடியிருப்பில், வீட்டுச் சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்தது. எதிர் வீட்டுத் திருநாவுக்கரசிடம் ஒரு சாவி எப்போதும் இருக்கும். அவர் அதே நிலையத்தில் உலோகங்களை ஆராய்கிறவர், அன்று வார விடுமுறை. சியாமளா போனில் சுருக்கமாகச் சொன்னாள். "மாமி, அடுப்பு பக்கத்துல இருக்கிறதுதானே? நான் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் அந்தப் பிளாஸ்க்கை யாரும் தொடாதீங்க" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் திருநாவுக்கரசு ஒரு துணிப்பையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சொம்பை வெளியே எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வெள்ளீயம் இவ்வளவு கனக்காது டாக்டர்." பிறகு சியாமளாவின் கையிலிருந்த சம்மதப் படிவத்தை வாங்கி, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் சொம்பின் விளிம்பை அழுத்தி ஒரு இழு இழுத்தார். தாளில் பென்சிலால் போட்ட மாதிரி கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"நல்ல வெள்ளீயம் பேப்பர்ல இப்படி எழுதாது. இதுல பாதிக்கு மேல காரீயமா இருக்கும். எவ்வளவுன்னு நாளைக்கு ஆய்வகத்துல கேட்டுச் சொல்றேன், ஆனா எனக்குச் சந்தேகம் இல்லை."

"புளி ஊத்தி, கொதிக்க வச்சு, தினம் ரெண்டு டம்ளர்" என்றார் ஜெபக்குமார், யாரிடமோ சொல்வது மாதிரி. விறுவிறுவென்று மாடி ஏறினார். மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். அறையில் போய், "சார், வாயைத் திறங்க" என்று லக்ஷ்மிநாராயணனின் உதட்டை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு கருநீலக் கோடு ஓடியது. பல் விளக்கும்போது யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

அங்கேயே தாமோதரனுக்குப் போன் போட்டு நாளைய அறுவையை நிறுத்தச் சொன்னார். சம்மதப் படிவம் சியாமளாவின் கையிலேயே, முன்பக்கம் கையெழுத்து இல்லாமல், பின்பக்கம் ஒரு கோட்டோடு இருந்தது. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது அவளுக்கே தெரிந்தது. நாளைக்குக் கத்தி இல்லை. இது ஒன்றுதான் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. தன் கையாலேயே விஷத்தை ஊற்றிக் கொடுத்தோம் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது, அது வந்தபோது அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"ஏன்னா, நான் ஒண்ணு சொல்லணும்."

"அப்பறம் சொல்லேன். தூக்கம் வரது" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நாளில் சென்னையிலிருந்து முடிவு வந்தது. பத்தைத் தாண்டக்கூடாத ஈயம் எண்பத்தாறு இருந்தது. சியாமளாவுக்கும் பார்த்தார்கள், இருபத்தொன்று. அவள் மோர் சாதக்காரி, ரசத்தைப் பேருக்குத்தான் ஊற்றிக்கொள்வாள். உங்களுக்கு மருந்து வேண்டாம், பாத்திரத்தை மாற்றினால் போதும் என்றுவிட்டார்கள். அவருக்கு ஈயத்தைப் பிடித்து வெளியேற்றுகிற ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை டப்பாவைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அறை முழுக்க அடித்தது. நாலாம் நாள் காலையில் சியாமளா உள்ளே நுழைந்தபோது தலையணை அதன் இடத்தில், அவர் தலைக்கு அடியில் இருந்தது. அவள் வாசலிலேயே நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வீடு திரும்புகிற நாள் சுஜாதா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னா சாரு, புள்ளியெல்லாம் கொறஞ்சிகினு வருது. அடுத்த மாசம் வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க. அம்மா, எவர்சில்வரு, எவர்சில்வரு" என்று விரலை ஆட்டினாள்.

அன்று மத்தியானம் சியாமளா எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்தாள். புளியைக் கரைக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும், தட்டு வைக்காமல் எதிரே நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"உங்கம்மா சொம்பை நான் உருக்கிட்டேன். போன மாசி மாசம். அது புதுசு. அதை நான்தான் வாங்கிண்டு வந்து வெச்சேன்."

"தெரியும்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"டாக்டர் சொன்னாரா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும். அம்மா சொம்புல சொட்டை கழுத்துக்குக் கீழே இருக்கும். சின்ன வயசுல நான்தான் கிணத்தடில போட்டேன். நீ வெச்சிருக்கறதுல அடில இருந்தது. ரெண்டு சொட்டை வேற. முதல் நாளே பார்த்துட்டேன்."

சியாமளாவுக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். "அப்போ டாக்டர் கேட்டபோது முப்பது வருஷம்னு ஏன் சொன்னேள்? புதுசுன்னு சொல்லியிருந்தா அங்கேயே பிடிச்சிருப்பார். நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா மறுநாள் வயித்தைக் கிழிச்சிருப்பா."

அவர் மேஜைத் துணியின் ஓரத்தைச் சரிசெய்தார். "நீ பக்கத்துல நின்னுண்டிருந்தே. அத்தனை பேருக்கு முன்னாடி உன்னைக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு தோணித்து. பாத்திரத்துல போய் என்ன வந்துடப் போறதுன்னு நினைச்சேன்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மாதம் இவள் பயந்துகொண்டு இருந்தாள், எட்டு மாதம் அவர் தெரியாத மாதிரி இருந்தார். ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருத்தர் பொத்திப் பொத்தி வைத்தது கடைசியில் அவர் வயிற்றில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தது. இரண்டையும் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழுந்து, தட்டை வைத்து, சாதம் போட்டு, ரசத்தை ஊற்றினாள்.

அவர் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். அவள் வழக்கமான அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"நன்னா இல்லை" என்றார். "உப்பும் கம்மி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை. சியாமளா உப்பு ஜாடியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.